ஒரே உடம்பில் உறைவும் கசிவும்

சித்தப்பாவுக்குச் சிறுநீரில தொடங்கின கிருமித் தொற்று இரத்தத்தில ஏறின பிறகுதான் டிஐசி (உடம்பு முழுக்க நாளங்களுக்குள்ள இரத்தம் உறையிற நிலை) எண்ட பெயரை யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையில கேள்விப்பட்டன். ஊசி குத்தின இடமெல்லாம் கசிவு. கால்விரல் நுனிகளோ கறுக்குது. "இரத்தம் உறையாமல் ஓடுதெண்டால் விரல் ஏன் தம்பி அடைபடுது?" எண்டு சித்தி கேட்டா. நியாயமான கேள்வி.

தொற்று உறைதலை உடம்பு முழுக்கத் தட்டி எழுப்புது. நுண்குழாய்களுக்குள்ள சின்னச் சின்னக் கட்டிகள் உண்டாகி, உறையவைக்கிற தட்டணுக்களும் ஃபைபிரினோஜன் எண்ட உறைதற் புரதமும் அங்கேயே செலவழிஞ்சு போகுது. முற்றம் முழுக்கச் சீமெந்தைக் கொட்டிப்போட்டு, கிணத்துக்கட்டு வெடிப்புக்கு ஒண்டும் மிஞ்சாத கதை.

இது தனி வருத்தமில்லை. பின்னால எப்பவும் வேறொண்டு நிக்கும். சிலவகை இரத்தப் புற்று, பிரசவச் சிக்கல். ஈரல் மாற்றுச் சிகிச்சையில டிஐசியைக் கண்டுபிடிக்கிறதே கஷ்டம், உறைதற் புரதங்களில பெரும்பாலானதைச் செய்யிறதே ஈரல்தானே, அது பழுதானாலும் அவை குறையும். எங்கட பக்கத்துக் கண்ணாடி விரியன் விஷமும் உறைதற் பொருள்களை இப்பிடித்தான் தின்னும். கடிபட்டவரின்ர இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில 20 நிமிடம் அசையாமல் வைச்சு, உறைஞ்சுதோ எண்டு சரிச்சுப் பாக்கிறது அதுக்குத்தான்.

வைத்தியர்கள் தட்டணு, டி-டைமர் (கட்டி கரையேக்க வாற துண்டு), புரோத்துரோம்பின் நேரம் (உறைய எடுக்கிற நேரம்), ஃபைபிரினோஜன் நாலுக்கும் புள்ளி போடுவினம். 5 அல்லது கூட வந்தால் டிஐசி. தட்டணு மைக்ரோலீற்றருக்கு 50,000க்குக் கீழ எண்டால் அதுக்கே 2.

"பிளாஸ்மாவை ஏத்துங்கோவன்" எண்டு, உறைதற் புரதங்கள் இருக்கிற இரத்தத்தின்ர நீர்ப்பகுதியைக் கேட்டு, சித்தி நெருக்கினா. முதல் மருந்து அன்டிபயோட்டிக்தான், மூலத்தை நிப்பாட்டாமல் ஏத்தினால் அதுவும் செலவாகும் எண்டார் வைத்தியர். கசிவு கூடினபிறகு பிளாஸ்மாவும் தட்டணுவும் ஏத்தினவை. தட்டணுப் பையை 20–24 பாகை செல்சியசில ஆட்டிக்கொண்டே, வழக்கமா 5 நாள்தான் வைக்கலாமாம். குருதி வங்கியில ஆக்களை ஏன் இரத்தம் குடுக்கத் திரும்பத் திரும்பக் கூப்பிடினம் எண்டு அப்பத்தான் விளங்கிச்சு.