கோர்ஸுக்குப் பணம் கிடைத்தது, நாள் கிடைக்கவில்லை

வேலையில் சேர்ந்தபோது கொடுத்த நியமனக் கடிதத்தில் ஒரு வரி இருந்தது: "ஊழியர்களின் தொடர்கல்விக்குக் கிளினிக் ஆதரவளிக்கும்." எவ்வளவு பணம், எத்தனை நாள், யாருக்கு என்று எதுவும் இல்லை. கையெழுத்துப் போடும்போது நானும் கேட்கவில்லை. அந்த ஒரு வரியிலிருந்து ஏதாவது கைக்கு வந்து சேர எனக்கு இரண்டு வருடம் பிடித்தது.

எங்களுடையது சின்ன தனியார் பிசியோதெரபி கிளினிக். நான்கு பிசியோதெரபிஸ்டுகள், இரண்டு உதவியாளர்கள், ரிசப்ஷனில் ஒரு அக்கா. உரிமையாளர் மேடமும் பிசியோதெரபிஸ்ட்தான், எங்களைவிட அதிக நோயாளிகளைப் பார்ப்பவர்.

முதல் வருடம் "ஆதரவு" வந்தது இப்படி: கருவி விற்கும் கம்பெனியிலிருந்து ஒருவர் மதிய இடைவேளையில் வந்து டெமோ காட்டுவார், நாங்கள் வருகைத் தாளில் கையெழுத்துப் போடுவோம், பயிற்சி முடிந்தது. ஒருமுறை திரையில் காட்டிய வரைபடம் எந்த ஆய்விலிருந்து வந்தது என்று கேட்டேன். கையிலிருந்த விளம்பரத் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினார். பெட்ரோ என்று ஒரு தரவுத்தளம் 1999 முதல் இருக்கிறது. பிசியோதெரபி ஆய்வுகளை யாரும் இலவசமாகத் தேடலாம், மருத்துவச் சோதனைகளுக்கு 10க்கு எத்தனை என்று மதிப்பெண்ணும் போட்டிருப்பார்கள். அன்று இரவு அதில் தேடிப் பார்த்தேன். பின்பக்கத்தில் இருந்த எதுவும் அங்கே அகப்படவில்லை. அதன் பிறகு எந்தக் கோர்ஸ் விளம்பரம் வந்தாலும் முதலில் பெட்ரோவில் தேடுவது பழக்கமாகிவிட்டது.

எனக்கு உண்மையில் தேவைப்பட்டது தலைசுற்றல் சிகிச்சை. கழுத்து வலி என்று வருகிறவர்களில் சிலர், "கட்டிலில் புரண்டு படுத்தால் அறையே சுற்றுகிறது" என்பார்கள். உள்காதில் இருக்கும் சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறி அரைவட்டக் குழாய்க்குள் போய்விடுவதால் வரும் பிபிபிவி என்று பெயர் தெரியும். அதைக் கண்டுபிடிக்கும் டிக்ஸ்–ஹால்பைக் சோதனை 1952இல் வந்தது என்பதும், தலையைப் படிப்படியாகத் திருப்பி அந்தத் துகள்களைக் குழாயிலிருந்து வெளியேற்றும் தன் சிகிச்சை முறையை எப்லி என்ற மருத்துவர் கட்டுரையாக வெளியிட்டது 1992 என்பதும் தெரியும். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியாயிற்று. ஆனால் தலையை 45 டிகிரி திருப்பி, சட்டென்று பின்னால் படுக்கவைக்கும்போது ஒருவர் பயந்துபோய் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டால், அந்தக் கண்கள் எந்தப் பக்கம் துடிக்கின்றன என்று பார்த்துச் சொல்ல எனக்கு வராது. அதனால் வேறு இடத்துக்கு அனுப்பிவிடுவேன்.

முதல் தடவை மேடத்திடம் கேட்டது நடைவழியில், இரண்டு நோயாளிகளுக்கு நடுவே. "பார்க்கலாம்" என்றார். இரண்டு மாதம் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

சரி, எழுதிக் கொடுக்கலாம் என்று முடிவு செய்து, அதற்கு முன் மூன்று மாதம் ஒரு நோட்டில் குறித்து வந்தேன். தலைசுற்றல் என்று சொன்னவர்கள் 11 பேர். வெளியே அனுப்பியது 8 பேர். அந்த எட்டில் மூன்று பேர் கழுத்து வலிக்கும் திரும்ப வரவில்லை. போன இடத்திலேயே சேர்த்துப் பார்த்துக்கொண்டார்கள் போல. இதையும், கோர்ஸ் கட்டணம், தேதி, நடத்துபவரின் அனுபவம் ஆகியவற்றையும் ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். "என் வளர்ச்சிக்கு" என்ற சொல்லை வேண்டுமென்றே எங்கும் போடவில்லை. மேடம் அந்த மூன்று பேர் இருந்த வரியில் நின்றுவிட்டார்.

"படித்து முடித்துவிட்டு வேறு கிளினிக்குக்குப் போய்விட்டால்?" இதுதான் அவருடைய முதல் கேள்வி. எனக்கு முன்னால் இருந்தவர் அப்படித்தான் போனாராம். அந்தப் பயத்தில் தப்பில்லை. ஆனால் அதற்கு மருந்தாக அவர் நீட்டிய பாண்ட் கொஞ்சம் கடுமை: இரண்டு வருடத்துக்குள் எப்போது போனாலும் முழுப் பணத்தையும் திருப்பித் தர வேண்டும். அதாவது 23ஆவது மாதம் போனாலும் முழுசாக. நான் மூன்று மாற்றம் கேட்டேன். காலம் 12 மாதம், வேலை பார்க்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் கடன் ஒரு பங்கு குறைய வேண்டும், கிளினிக்கே என்னை அனுப்பினால் எதுவும் தர வேண்டியதில்லை. ஒரு வாரம் இழுத்தது. கடைசியில் 18 மாதம், மாதத்துக்கு 18இல் ஒரு பங்கு கழியும் என்று நின்றது. மூன்றாவது நிபந்தனையை மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார். பாண்ட் என்றதும் பயந்து கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். பேசினால் இறங்கி வருவார்கள்.

பணம் முதலில் என் கையிலிருந்து, சான்றிதழ் வந்தபின் திருப்பித் தருவார்கள் என்பது ஏற்பாடு. திரும்பி வர இரண்டரை மாதம் ஆயிற்று, ரசீதில் கிளினிக் பெயர் இல்லை என்று ஒருமுறை நின்றும்போனது. இதை முன்கூட்டியே கேட்டிருக்கலாம்.

ஆனால் எனக்கு வலித்தது நாள் கணக்கு. கோர்ஸ் வெள்ளி முதல் ஞாயிறு வரை. வெள்ளிக்கிழமை என் சொந்த விடுப்பில் கழிந்தது. அன்றைய நோயாளிகளைப் பிரித்து வியாழனிலும் திங்களிலும் திணித்துவிட்டார்கள். கோர்ஸுக்கு முன் பார்க்க வேண்டிய எட்டு மணி நேர ஆன்லைன் பாடமெல்லாம் ராத்திரி வீட்டில்தான். திங்கள் காலை வந்தால் 14 பேர் வரிசையில். எல்லாருக்கும் முழங்கால், முதுகு, தோள். ஒருவருக்குக்கூடத் தலை சுற்றவில்லை!

முதல் தலைசுற்றல் நோயாளி வந்தது 19ஆவது நாள். அதற்குள் கை மறந்திருந்தது. ஊழியர் அறைக்குப் போய்க் குறிப்பேட்டை ஒரு தடவை புரட்டிவிட்டு வந்தேன். வலப்பக்கம் சோதித்தேன், ஒன்றுமில்லை. இடப்பக்கம் படுக்கவைத்த சில விநாடிகளில் கண்கள் மேல்நோக்கியும், கீழே இருந்த காதின் பக்கமாகச் சுழன்றும் துடிக்க ஆரம்பித்தன. பாடத்தில் பார்த்த அதே துடிப்பு. எப்லி செய்தேன், ஒவ்வொரு நிலையிலும் துடிப்பு அடங்கும்வரை பொறுத்து. முழுதாகச் சரியாக இன்னொரு தடவை வர வேண்டியிருந்தது. ஆனால் அவரை வெளியே அனுப்பவில்லை.

அந்த 19 நாளை வைத்துத்தான் அடுத்த வருடம் பேசினேன், இந்த முறை எல்லாருக்குமாக. விடுப்பில் சேராத, சம்பளத்துடன் மூன்று படிப்பு நாட்கள். கட்டணத்தைக் கிளினிக்கே நேராகக் கட்டுவது. கோர்ஸ் முடித்தவருக்கு ஒரு மாதம் அந்த வகை நோயாளிகளை முதலில் கொடுப்பது. இரண்டு வாரத்துக்குள் மற்றவர்களுக்கு ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுப்பது, அந்த நேரத்துக்கு எல்லாருடைய அப்பாயின்ட்மென்டையும் மூடிவைப்பது. கடைசியில் சொன்னதற்குத்தான் பெரிய சண்டை. நான்கு பேருடைய ஒரு மணி நேரம் என்றால் மேடத்தின் கணக்கில் எட்டு நோயாளிகள். மாதத்தின் கடைசி நாள், கூட்டம் குறைந்த மதியத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று முடிந்தது.

இதையெல்லாம் பேசிக்கொண்டிருந்தபோது ரிசப்ஷன் அக்கா கேட்டார்: "அப்போ எனக்கு ஒண்ணும் கிடையாதா?" நான் யோசிக்கவே இல்லை, வெட்கமாகப் போய்விட்டது. "தலை சுற்றுது" என்று போனில் முதலில் கேட்பவர் அவர்தானே. திடீர்த் தலைசுற்றலோடு பேச்சுக் குழறினால், முகம் கோணினால், பார்வை இரண்டாகத் தெரிந்தால், கை கால் மரத்துப்போனால், நிற்கவே முடியாவிட்டால் அப்பாயின்ட்மென்ட் கொடுக்கக் கூடாது, உடனே அவசர சிகிச்சைக்குப் போகச் சொல்ல வேண்டும். இதற்காக அவருக்கு அரை நாள் ஒதுக்கினோம். போன் பக்கத்தில் ஐந்து கேள்விகளைத் தன் கையெழுத்தில் எழுதி ஒட்டிவைத்திருக்கிறார். இதுவரை இந்தச் சலுகையில் செலவழித்த நேரத்திலேயே உருப்படியானது அந்த அரை நாள்தான் என்பேன்.

உதவியாளர்கள் விஷயம் இன்னும் சரியாகவில்லை. அவர்களுக்கு வருடத்துக்கு ஒரு நாள், பாதிக் கட்டணம். தொழில் பதிவைப் புதுப்பிக்கக் கிரெடிட் மணிநேரம், அதாவது தொடர்கல்வியில் செலவழித்த நேரத்தின் கணக்கு, தேவைப்படுவது பிசியோதெரபிஸ்டுகளுக்குத்தானே என்பது மேடத்தின் வாதம். அறுவை சிகிச்சை முடிந்தவரை முதன்முதலாக நடக்கவைக்கும்போது பக்கத்தில் பிடித்துக்கொண்டு நிற்பவர் உதவியாளர்தான் என்பது என் வாதம். அங்கேயே நிற்கிறது.

போன வாரம் அவர்களில் ஒருவர் என் பழைய ஒரு பக்கத் தாளைக் கேட்டு வாங்கிப் போனார். நோயாளி எண்ணிக்கை இருந்த இடத்தை மட்டும் அழித்துவிட்டுக் கொடுத்தேன். அதை அவர்தான் எண்ண வேண்டும். புதிதாக ஒரு நோட்டும் வாங்கியிருக்கிறார்.