வெயிலுக்கு வரி போடலாமா?

கமுதிப் பக்கம் 648 மெகாவாட் சோலார் பேனல்கள் பளபளவென்று கிடப்பதைப் பார்த்துவிட்டு மதுரை திரும்பிய மச்சான், "இவ்ளோ கரண்டு எடுக்குறாங்க, யூனிட்டுக்கு இவ்வளவுன்னு நம்ம மாநிலம் வரி போட வேண்டியதுதானே" என்கிறார். போட முடியாது மச்சான். மின்சாரம், மத்திய அரசும் மாநிலமும் சட்டம் போடக்கூடிய பொதுப்பட்டியலில் இருக்கிறது, மத்தியச் சட்டத்தோடு முட்டினால் அரசியலமைப்பின் 254ஆவது பிரிவுப்படி பெரும்பாலும் மாநிலச் சட்டம்தான் அடிவாங்கும். மாநிலம் மட்டும் சட்டம் போடக்கூடிய மாநிலப் பட்டியலின் 53ஆவது இனத்தில் விற்பனைக்கும் நுகர்வுக்கும்தான் வரி, உற்பத்திக்கு இல்லை. இமாச்சல் 2023இல் நீர்மின் நிலையங்களுக்குத் தண்ணீர் செஸ் போட்டுப் பார்த்தது, 2024 மார்ச்சில் அந்த மாநில உயர் நீதிமன்றமே செல்லாது என்று சொல்லிவிட்டது. அதே சமயம், சொந்தமாக மின் நிலையம் வைத்திருக்கும் ஆலைகளும் குறிப்பிட்ட அளவு பசுமை மின்சாரம் வாங்கியே தீர வேண்டும் என்ற ராஜஸ்தான் மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி செல்லும் என்று 2015இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது சரிதான், புகை அந்த ஆலைகளுடையதுதானே!