பயண வண்டிக்கு முதலில் வேண்டியவை அளவுகள்

நீண்ட பயணத்துக்கு மோட்டார் சைக்கிளைத் தயார் செய்வதைப் பற்றிப் பேசத் தொடங்கினால், எதை வாங்கிப் பொருத்தலாம் என்ற கேள்விதான் பெரும்பாலும் முதலில் வருகிறது. பக்கப்பெட்டிகள், கூடுதல் விளக்குகள், உயரமான விண்ட்ஷீல்டு, வேறு சைலன்சர் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். அவற்றில் சில உண்மையிலேயே பயன் தருபவை. ஆனால் செயின் எத்தனை மில்லிமீட்டர் தொய்கிறது, முழுச் சுமையுடன் பின் சஸ்பென்ஷன் எவ்வளவு அமிழ்கிறது, எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் எத்தனை வோல்ட் இருக்கிறது என்று தம் வண்டியின் எண்களை அறிந்து வைத்திருப்பவருக்குத்தான் எதை மாற்ற வேண்டும், எதை அப்படியே விட்டுவிடலாம் என்பது விளங்கும். வீட்டில் ஒரு கேரேஜோ மழை படாத ஒரு மூலையோ இருப்பதன் பெரிய பயனே இந்த அளவுகளை அவசரமின்றி எடுக்க முடிவதுதான் என்று நான் நம்புகிறேன்.

அதற்கான கருவிகளில் நான் முதலிடம் தருவது, நட்டையும் போல்ட்டையும் குறித்த முறுக்கு அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் டார்க் ரெஞ்சுக்கு. அதிலும் ஒன்று போதாது. எஞ்சின் ஆயில் வடிக்கும் போல்ட்டுக்குப் பல வண்டிகளில் 20 முதல் 30 நியூட்டன் மீட்டர் வரைதான் முறுக்கு வேண்டும். பின் சக்கரத்தின் ஆக்ஸில் நட்டுக்கு அது 100 நியூட்டன் மீட்டரை எட்டும். பெரிய ரெஞ்சு தன் அளவுகோலின் அடிப்பகுதியில் நம்பகமாக வேலை செய்வதில்லை என்பதால், சிறிய வேலைகளுக்கு 5 முதல் 25 வரை அளக்கும் ஒன்றும், பெரியவற்றுக்கு 20 முதல் 110 வரை அளக்கும் ஒன்றும் வைத்துக்கொள்வது நல்லது. மரையில் எண்ணெயோ கிரீஸோ பட்டிருந்தால் உராய்வு குறைந்து, ரெஞ்சில் அதே எண் வந்தாலும் போல்ட்டு உள்ளே கூடுதலாக இழுபட்டுவிடும். ஆகவே கையேட்டில் வேறு விதமாகச் சொல்லப்படாத இடங்களில் மரையைத் துடைத்து உலரவிட்டே முறுக்க வேண்டும். இறுகிய நட்டைக் கழற்ற இந்த ரெஞ்சைப் பயன்படுத்தக் கூடாது. வேலை முடிந்ததும் அளவைக் கடைசிக் கோடு வரை குறைத்து வைத்தால் உள்ளிருக்கும் ஸ்பிரிங் தளராது.

ஜப்பானியத் தயாரிப்பு வண்டி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு கருவியையும் பரிந்துரைப்பேன். பிரேக் ஆயில் கிண்ணத்தின் மூடியில் இருக்கும் கூட்டல் குறித் திருகாணிகள் பார்வைக்குப் பிலிப்ஸ் போலத் தோன்றினாலும், பெரும்பாலும் ஜேஐஎஸ் என்னும் ஜப்பானியத் தரத்தின்படி செய்யப்பட்டவை. பிலிப்ஸ் திருப்புளி அவற்றின் பள்ளத்தில் முழுதாக இறங்கி உட்காருவதில்லை; சற்று அழுத்தித் திருகினால் வழுக்கித் தலையை மழித்துவிடும். ஜேஐஎஸ் திருப்புளிகள் இரண்டு இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

செயினைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் பயணத்தில் மிக அதிகமாக உழைத்து, மிகக் குறைவாகக் கவனிக்கப்படும் உறுப்பு அதுதான். தொய்வு எவ்வளவு இருக்க வேண்டும் என்பது பின் சக்கரத்தைத் தாங்கும் கையான ஸ்விங்கார்மில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ இருக்கும். சாலை வண்டிகளில் பலவற்றுக்கு அது 25 முதல் 35 மில்லிமீட்டர் வரை. சஸ்பென்ஷன் ஓட்டம், அதாவது சக்கரம் மேலும் கீழும் நகரும் தூரம், நீளமாக உள்ள அட்வென்ச்சர் வண்டிகளுக்கு அதைவிடக் கூடுதல். செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்வதில்லை என்பதால், சக்கரத்தைக் கையால் சுற்றிப் பல இடங்களில் அளந்து, மிக இறுக்கமாக இருக்கும் இடத்தை வைத்தே சரிசெய்ய வேண்டும். முன் ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்), ஸ்விங்கார்மின் அச்சு, பின் ஆக்ஸில் ஆகிய மூன்றும் ஒரே கோட்டுக்கு வரும் நிலையில்தான் செயின் அதிகம் இழுபடும். சுமையேற்றிய வண்டி ஒவ்வொரு பள்ளத்திலும் அந்த நிலையைத் தொட்டு வருகிறது. அப்போது தொய்வு மிச்சமில்லையென்றால், இழுவை முழுவதும் கியர்பாக்ஸின் வெளித்தண்டு பேரிங்கின் மீது விழும். சிறிது தளர்ந்த செயினைவிட மிகையாக இறுக்கிய செயின் அதிகக் கேடு விளைவிக்கும் என்று நான் சொல்வது இதனால்தான். பின் ஸ்ப்ராக்கெட்டின் பின்முனையில் செயினைப் பிடித்து இழுக்கும்போது பல்லில் பாதியளவு வெளியே தெரிந்தால், செயினையும் இரு ஸ்ப்ராக்கெட்டுகளையும் சேர்த்தே மாற்றிவிட வேண்டும். இணைப்புகளில் ரப்பர் வளையங்கள் கொண்ட ஓ-ரிங் செயினை மண்ணெண்ணெயும் மென்மையான தூரிகையும் கொண்டு சுத்தம் செய்யலாம். பெட்ரோலும் கம்பித் தூரிகையும் அந்த ரிங்குகளைக் கெடுக்கும். இந்த வேலை எதையும் எஞ்சினை ஓடவிட்டு, கியரில் போட்டுச் சக்கரத்தைச் சுழலவிட்டுச் செய்யவே கூடாது, செயினுக்கும் ஸ்ப்ராக்கெட்டுக்கும் இடையில் விரல் சிக்கினால் துண்டாகிவிடும்.

டயரில் கவனிக்க வேண்டியவை சில. காற்றழுத்தத்தை வண்டி ஓடிச் சூடேறுவதற்கு முன்பே அளக்க வேண்டும். டாட் என்ற எழுத்துகளோடு தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரிப்புக் காலத்தைச் சொல்கின்றன. 2321 என்றிருந்தால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். கோடுகள் ஆழமாகவே இருந்தாலும் ரப்பர் முதிர்ந்து இறுகிப்போன டயரை நெடும்பயணத்துக்குக் கொண்டு செல்லக் கூடாது.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. பிரேக் ஆயில் தரங்களில் ஒன்றான டாட் 4 வகையின் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் சேர்ந்த பிறகு அது 155 டிகிரிதான். சுமையோடு நீண்ட மலையிறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தபடியே வந்தால், பழைய ஆயில் கொதித்து ஆவிக் குமிழிகள் உண்டாகி, லீவர் கைப்பிடி வரை போனாலும் வண்டி நிற்காத நிலை வரலாம். எனவே ஓடிய தூரம் எவ்வளவாக இருந்தாலும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றிவிட வேண்டும். டாட் 5 சிலிகான் வகை என்பதால் அதை மற்றவற்றோடு கலக்கக் கூடாது. பெயரளவில் நெருங்கியதாகத் தோன்றும் டாட் 5.1 வேறு வகை. அது டாட் 4 உடன் சேரும்.

மேம்பாடு என்று ஏதாவது ஒன்றுக்குத்தான் பணம் செலவழிக்க முடியும் என்றால், சஸ்பென்ஷனையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன். ஆனால் அதற்கும் முதல்படி அளவெடுப்பதுதான். பின் சக்கரம் தரையைத் தொடாதபடி வண்டியை நிறுத்தி, ஆக்ஸிலிலிருந்து நேர் மேலே வண்டியின் உடலில் ஒரு புள்ளியைக் குறித்து இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். பிறகு ஓட்டுபவர் முழு உடையுடனும் மொத்தச் சாமான்களுடனும் ஏறி உட்கார, உடனிருப்பவர் அதே இடைவெளியை மீண்டும் அளக்கட்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பின் சக்கரத்தின் மொத்த ஓட்டத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காக இருக்க வேண்டும். அதற்கு மேல் அமிழ்ந்தால் பிரீலோடை, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் அளவை, கூட்டுங்கள். பிரீலோட் ஸ்பிரிங்கைக் கடினமாக்குவதில்லை, வண்டியின் உயரத்தை மட்டுமே மீட்டுத் தருகிறது. ஆகவே முழுவதும் கூட்டிய பிறகும் அமிழ்வு அதிகமாகவே இருந்தால், உங்கள் எடைக்கேற்ற வலுவான ஸ்பிரிங் தேவை என்று பொருள். பின்பக்கம் தாழ்ந்த வண்டி திருப்பங்களில் சோம்பலாகத் திரும்பும்; முகப்பு விளக்கும் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும்.

சாமான்களில் கனமானவற்றைப் பக்கப்பெட்டிகளின் அடியில், இயன்றவரை முன்பக்கமாக வைக்க வேண்டும். பின்பெட்டி ஆக்ஸிலுக்கும் பின்னால் தொங்குவதால், அதில் வைக்கும் ஒவ்வொரு கிலோவும் முன் சக்கரத்தின் பளுவைக் குறைத்து, வேகத்தில் வண்டியை அலைய வைக்கிறது. பெட்டியிலும் தாங்கியிலும் அச்சிட்டிருக்கும் எடை வரம்பை மதிப்பது அவசியம்.

மின்சாதனங்களைச் சேர்ப்பதில்தான் கணக்கில்லாமல் இறங்குபவர்கள் அதிகம். எஞ்சினால் சுழன்று மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் தரும் மொத்த வாட்டில் எஞ்சின் கணினி, பெட்ரோல் பம்பு, இக்னிஷன், விளக்குகள், ரேடியேட்டர் விசிறி எல்லாம் எடுத்துக்கொண்டது போக எஞ்சியதே நம்முடையது. ஆக்சிலரேட்டர் கொடுக்காமல் எஞ்சின் ஓடும் ஐடிலில் அந்த மிச்சம் மேலும் சுருங்கும். தலா 30 வாட் கொண்ட இரண்டு விளக்குகள் 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 7.5 ஆம்பியர் பியூஸ் சரியானது. வயர் அதைவிடக் கூடுதலைத் தாங்குவதாக இருக்க வேண்டும், ஏனெனில் பியூஸ் காப்பது வயரைத்தான். பியூஸை பேட்டரிக்கு மிக அருகிலேயே வைக்க வேண்டும். சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்சான ரிலேயில் 30ஆம் முனைக்கு பேட்டரி, 87க்கு விளக்கு, 85க்கும் 86க்கும் சுவிட்ச் சுற்று. அந்தச் சுற்றை இக்னிஷனோடு அணையும் ஒரு வயரிலிருந்து எடுத்தால், வண்டி நிற்கும்போது பேட்டரி வடியாது. எல்லாவற்றையும் எரியவிட்டு, எஞ்சினை 4000 முதல் 5000 சுற்றில் வைத்து, பேட்டரி முனைகளின் வோல்ட்டை மல்டிமீட்டரில் பாருங்கள்: 13.8க்கும் 14.5க்கும் இடையில் இருந்தால் பொதுவாகக் கவலையில்லை; 13க்குக் கீழே போனால் ஏதோ ஒன்றைக் கழற்றியாக வேண்டும்; 15ஐத் தாண்டினால், வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரைச் சந்தேகிக்க வேண்டும்.

ஓய்ந்திருக்கும் ஈய-அமில பேட்டரி 12.4 வோல்ட்டுக்கு இறங்கினால் உடனே சார்ஜ் செய்ய வேண்டும். கழற்றும்போது முதலில் நெகட்டிவ், பொருத்தும்போது கடைசியில் நெகட்டிவ்; இந்த முறையில் ஸ்பானர் தவறிச் சட்டத்தில் பட்டாலும் பொறி பறக்காது. கிளட்ச் எஞ்சின் ஆயிலிலேயே மூழ்கியிருக்கும் வெட் கிளட்ச் வண்டிகளுக்கு எஞ்சின் ஆயில் வாங்கும்போது, ஜாசோ என்னும் ஜப்பானியத் தரத்தின் எம்ஏ அல்லது எம்ஏ2 முத்திரை இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

கேரேஜைப் பொறுத்தவரை, கதவை மூடிக்கொண்டு எஞ்சினை ஓட்டக் கூடாது என்பதில் விதிவிலக்கே இல்லை. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் கிடையாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து, தூரத்தில் எரியும் சிறு சுடரையும் எட்டிவிடும். கூலண்டிலுள்ள எத்திலீன் கிளைகால் இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கும். சிறிதளவே அவற்றின் உயிரைப் பறிக்கும், எனவே சிந்தியதை அப்போதே கழுவிவிடுங்கள்.

பயணத்துக்கான கருவிப் பையைக் கட்டுவதற்கும் கேரேஜே ஏற்ற இடம். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பு, பெரிய கருவிப் பெட்டியைத் தொடாமல், பையில் இருப்பவற்றை மட்டும் கொண்டு பின் சக்கரத்தைக் கழற்றி மாட்டுங்கள். செயின் தொய்வைச் சரிசெய்யுங்கள். ஒரு பியூஸை மாற்றுங்கள். பழைய டயர் ஒன்றில் துளையிட்டுப் பஞ்சர் பிளக்கைச் செருகிப் பாருங்கள். இடையில் எந்தக் கருவிக்காகப் பெரிய பெட்டியைத் திறக்க நேர்ந்ததோ, அதைப் பையில் சேர்த்துவிடுங்கள். ஆக்ஸில் நட்டின் அளவுக்கான சாக்கெட்டும், அதைத் திருப்பப் போதிய நீளமுள்ள கைப்பிடியும்தான் பெரும்பாலும் விடுபட்டிருக்கும்.