தர்மபுரியிலிருந்து ஓசூரின் டேப் டிரைவை இயக்கிய அனுபவம்

ஓசூர் சிப்காட்டில் உள்ள ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையின் கணினிகளைப் பராமரிப்பது என் வேலை. நான் குடியிருப்பதோ தர்மபுரியில். தொழிற்சாலையின் வரைபடங்களும் பழைய கணக்குகளும் சோலாரிஸ் என்ற யூனிக்ஸ் வகை இயக்கமுறையில் ஓடும் ஒரு சர்வரில் இருந்தன, காந்த நாடாக் கார்ட்ரிட்ஜில் தரவைப் பதியும் எல்டிஓ-5 டேப் டிரைவ் மட்டும் பக்கத்து லினக்ஸ் கணினியில் இணைக்கப்பட்டிருந்தது. கார்ட்ரிட்ஜை மாற்றுவதைத் தவிர மற்ற எதற்கும் ஆள் அங்கே நிற்கத் தேவையில்லாதபடி, டேப்பை நெட்வொர்க் வழியாகவே முன்னும் பின்னும் நகர்த்தி பேக்கப் எடுக்க வேண்டும் என்பதுதான் நிர்வாகத்தின் எதிர்பார்ப்பு.

இதற்கென்றே ஆர்எம்டி என்ற சிறு நிரல் யூனிக்ஸில் 1983-இல் வெளிவந்த 4.2 பிஎஸ்டி காலத்திலிருந்து இருக்கிறது. டேப் உள்ள கணினியில் அது ஓடும். தொலைவில் உள்ள கணினி திறக்க, படிக்க, எழுத, மூட என ஒவ்வொன்றுக்கும் ஓரெழுத்துக் கட்டளை அனுப்பும். ஆர்எம்டி செய்து முடித்துவிட்டு 'ஏ' என்றோ, முடியாவிட்டால் 'ஈ' என்றோ பதில் சொல்லும். முற்காலத்தில் இது வேறொரு கணினியில் கட்டளையை ஓட்டும் ஆர்எஸ்எச் வழியாகப் போனது, இன்று அதையே மறைகுறியாக்கிச் செய்யும் எஸ்எஸ்எச் வழியாகப் போகிறது. சோலாரிஸில், கோப்புகளை ஒன்றாகக் கட்டி டேப்பில் எழுதும் ஜிஎன்யூ டார், டேப்பை நகர்த்தும் ஜிஎன்யூ எம்டி இரண்டையும் நிறுவி, சாதனப் பெயருக்கு முன்னால் கணினியின் பெயரும் முக்காற்புள்ளியும் சேர்த்துக் கொடுத்ததும், டார் எந்தச் சிக்கலும் இல்லாமல் எழுதியது, படித்தது.

சிக்கல் எம்டியில் வந்தது. தூக்கிப்போட வைத்திருந்த ஒரு பழைய டேப்பை வைத்துச் சோதித்தபோது, ரீவைண்ட் கட்டளை பிழை எதுவும் காட்டாமல் முடிந்தது. ஆனால் லினக்ஸ் பக்கம் போய் நிலையைப் பார்த்தால், டேப் தொடக்கத்துக்குத் திரும்பாமல், கோப்பு எண் ஒன்று கூடியிருந்தது. அடுத்து, டேப்பை வெளியே தள்ளும் ஆஃப்லைன் கட்டளையை அனுப்பிவிட்டு, ஷிப்டில் இருந்த தம்பியிடம் போனில் டேப் வெளியே வந்ததா என்று கேட்டேன். "இல்லீங்க சார், சுத்துற சத்தம் மட்டுந்தான் கேட்டுச்சு" என்றார்.

காரணம், இரு இயக்கமுறைகளிலும் இந்தக் கட்டளைகளின் எண்களை வரையறுக்கும் தலைப்புக் கோப்புகளை அருகருகே வைத்துப் பார்த்தபோது தெரிந்தது. டேப்பை நகர்த்தும் செயல்களை ஆர்எம்டி பெயரால் அனுப்புவதில்லை, எண்ணால் அனுப்புகிறது. சோலாரிஸில் 5 என்றால் ரீவைண்ட், 6 என்றால் ஆஃப்லைன்; லினக்ஸிலோ 5 என்பது கோப்பு முடிவுக் குறியை எழுதுவது, 6 என்பது ரீவைண்ட். இது வெறும் குழப்பமல்ல, ஆபத்து: டேப்பின் நடுவே ஒரு முடிவுக் குறி எழுதப்பட்டால், அதற்குப் பிந்தைய தரவைச் சாதாரண வழியில் படிக்கவே முடியாது. எழுதுவதைத் தடுக்கும் பொத்தானை நகர்த்தாத நல்ல டேப் அன்று உள்ளே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தாலே வயிறு கலங்குகிறது. ஒன்று முதல் நான்கு வரையிலான முன்பின் நகர்த்தும் எண்கள் இரண்டிலும் ஒன்றே என்பதால், மேலோட்டமாகச் சோதிப்பவருக்கு இது கண்ணில் படவே படாது.

ஆகவே கட்டுப்பாட்டுக்கு ஆர்எம்டியைக் கைவிட்டு, எஸ்எஸ்எச் வழியாக லினக்ஸ் கணினியின் எம்டியையே ஓட்டும்படி மாற்றினேன். கட்டளை 'ரீவைண்ட்' என்ற சொல்லாகவே போய்ச் சேருகிறது, அதை எண்ணாக மாற்றுவது டேப் இருக்கும் கணினியின் பொறுப்பாகிவிடுகிறது. ஒவ்வொரு கட்டளையும் சாதனத்தைத் திறந்து மூடும் என்பதால், லினக்ஸ் டிரைவுக்கு வைத்திருக்கும் இரு சாதனப் பெயர்களில், மூடும்போதே டேப்பைத் தொடக்கத்துக்குச் சுருட்டிவிடும் எஸ்டி0-ஐ விட்டு, அப்படிச் சுருட்டாத என்எஸ்டி0-ஐத்தான் பயன்படுத்த வேண்டும்; இல்லையென்றால் மூன்றாம் கோப்புக்கு நகர்த்திய டேப் அடுத்த கட்டளைக்குள் தொடக்கத்தில் வந்து நிற்கும். தரவின் இறுதிக்குப் போவது போன்ற கட்டளைகள் மெதுவாக முடிபவை, என் வீட்டு இணைப்போ அடிக்கடி அறுபடுவது. அதனால் எல்லாவற்றையும், இணைப்பு அறுந்தாலும் கட்டளையைத் தொடர்ந்து ஓடவிடும் டிமக்ஸுக்குள் ஓட்டுகிறேன்.

வேகம் தனிக்கதை. எல்டிஓ-5 டிரைவ் சுருக்கமின்றி நொடிக்கு 140 எம்பி வரை எழுதக்கூடியது, பழைய சர்வரின் 100 மெகாபிட் இணைப்போ அதிகபட்சம் 12 எம்பிதான் தரும். தரவு போதாமல் டிரைவ் நின்று, பின்னால் போய், மறுபடி ஓடுவது டேப்பையும் ஹெட்டையும் தேய்க்கும். எனவே டார் கோப்பு முதலில் லினக்ஸ் கணினியின் வட்டில் முழுதாக இறங்குகிறது. பிறகு, தரவை நினைவகத்தில் சேர்த்துவைத்துத் தடையின்றி அனுப்பும் எம்பஃபர் என்ற நிரல் அதை 256 கேபி தொகுதிகளாக டேப்புக்கு அனுப்புகிறது. படிக்கும்போதும் அதே தொகுதி அளவைக் கொடுக்க வேண்டும். அதைவிடச் சிறிய அளவு கொடுத்தால், நினைவகம் ஒதுக்க முடியவில்லை என்று லினக்ஸ் தொடர்பில்லாததுபோல் ஒரு பிழையைக் காட்டும்.

கடைசியாக, சோலாரிஸ் பயன்படுத்தும் எஸ்எஸ்எச் சாவியை, கோப்பை இறக்குவது, நிலை பார்ப்பது, ரீவைண்ட் செய்வது ஆகிய மூன்றை மட்டும் அனுமதிக்கும் ஒரு ஸ்கிரிப்டோடு கட்டிவிட்டேன். டேப்பை வெளியே தள்ளும் கட்டளை அதில் இல்லை. வெளியே வந்த கார்ட்ரிட்ஜைத் திரும்ப உள்ளே தள்ள ஓசூரில் இருப்பவர் கைதான் வேண்டும் என்பதால், அதை ஷிப்ட் தம்பியிடம் சொல்லிவிட்டு நானே கொடுக்கிறேன்.