எம்.எஸ். நோயுடன் மீண்டும் கார் ஓட்டத் தொடங்கிய அனுபவம்

நிலாவெளியிலுள்ள என் வீட்டிற்கும் திருகோணமலை நகரில் நான் கற்பிக்கும் பாடசாலைக்கும் இடையே ஏறத்தாழ 15 கிலோமீற்றர் தூரம். காலையில் பேருந்து உண்டு. ஆயினும் நெரிசலில் நின்றபடி வந்தால் முதலாம் பாடவேளைக்கே கால் தளர்ந்துவிடும் நிலையிலுள்ள எனக்கு, கார் இருந்தால்தான் வேலையைத் தொடர முடியும். ஆகையால் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (சுருக்கமாக எம்.எஸ்.) என்ற நரம்பு நோய் என்று உறுதியான நாளிலிருந்து நரம்பியல் வைத்திய நிபுணரிடம் நான் திரும்பத் திரும்பக் கேட்டது, மீண்டும் கார் ஓட்டலாமா, ஓட்டினால் எவருக்கும் ஆபத்தின்றி ஓட்ட முடியுமா என்பதையே. இந்நோயுள்ளவர் வாகனம் ஓட்டத் தகுதியானவரா என்பது கிழமைக்குக் கிழமை மாறும், சில நாட்களில் காலைக்கும் நண்பகலுக்கும் இடையிலேயே மாறும் என்பதால், ஒரே சொல்லில் விடை தர அவரால் இயலவில்லை. நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள நாடுகளில் இந்நோய் அரிது. இங்கே இதைப் பற்றித் தமிழில் கேட்டறிய ஓர் ஆள் கிடைப்பதும் அரிது என்பதால், நான் கடந்துவந்த வழியை எழுதி வைக்கிறேன்.

உடலின் எதிர்ப்புச் சக்தியே மூளை, முள்ளந்தண்டு வடம், பார்வை நரம்பு ஆகியவற்றின் நரம்பிழைகளைச் சூழ்ந்துள்ள மயலின் உறையைத் தாக்குவதுதான் இந்நோய். உறை சிதைந்த இடத்தில் நரம்புச் செய்தி தாமதித்தோ குலைந்தோ செல்லும். எந்த இடம் பாதிக்கப்பட்டது என்பதைப் பொறுத்துக் குறிகள் வேறுபடுவதால், எம்.எஸ். உள்ள இருவருக்கு ஒரே அறிவுரை பொருந்தாது. எனக்குப் பாதிக்கப்பட்டவை இடது கண்ணும் வலது காலும்.

கண்ணை அசைக்கும்போது வலி எடுத்து, அதன்பின் பார்வை மங்கியது. மெதில்பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்ட் மருந்தை நாளம் வழியாக ஏற்றிய பிறகு பார்வை படிப்படியாகத் திரும்பியது. எழுத்துப் பலகையின் கீழ் வரிகளை வாசிக்க முடிந்ததும் கண் சரியாகிவிட்டது என்று வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தனர். கண் வைத்திய நிபுணரோ மேசையில் இருந்த சொட்டு மருந்துக் குப்பியின் சிவப்பு மூடியை எடுத்து, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பார்க்கும்படி மாறி மாறிச் சொன்னார். வலது கண்ணுக்குப் பளிச்சென்ற சிவப்பாகத் தெரிந்த மூடி, இடது கண்ணுக்கு வெளிறிய செங்கல் நிறமாகத் தெரிந்தது. எழுத்தை வாசிக்கும் திறன் மீண்டாலும், நிறத்தையும் மங்கலான வெளிச்சத்தில் பொருட்களையும் பிரித்தறியும் திறன் பின்தங்கி நிற்கலாம் என்று அவர் விளக்கினார்.

அவர் கூறிய இன்னொன்று எனக்கு முற்றிலும் புதியது. ஒரு கண்ணின் செய்தி மற்றக் கண்ணின் செய்தியைவிடச் சற்றுத் தாமதித்து மூளையை அடைந்தால், குறுக்கே செல்லும் பொருள் உண்மையில் இருக்கும் தூரத்தைவிட அருகில் அல்லது தொலைவில் செல்வதாகத் தோன்றும். கார்ல் புல்ஃபிரிஷ் என்ற ஜெர்மானியர் 1922ஆம் ஆண்டு விளக்கிய தோற்றப்பிழை இது. உப்புவெளிச் சந்தியில் குறுக்கே செல்லும் சைக்கிள்காரரை எண்ணிப் பார்த்தபோது, இரு கண்களாலும் தெளிவாகத் தெரிகிறது என்ற உணர்வு மட்டும் போதாது என்பது எனக்கு உறைத்தது. நேரே பார்த்திருக்கும்போது சுற்றிலும் எவ்வளவு தெரிகிறது என்று அளக்கும் பார்வைப் புலப் பரிசோதனையும் முடிந்து, அவர் எழுத்தில் அனுமதி தரும்வரை நான் சாவியைத் தொடவில்லை. பொருட்கள் இரண்டாகத் தெரியும் நிலையில் உள்ளவர்கள், அது முற்றாக நீங்கி வைத்தியர் அனுமதிக்கும்வரை ஓட்டவே கூடாது என்றும் அவர் கண்டிப்பாகச் சொன்னார்.

காலின் கதை இதைவிட நீண்டது. இயன்மருத்துவர் என்னைப் படுக்க வைத்துக் கண்களை மூடச் சொல்லி, வலது காலின் பெருவிரலை இரு பக்கமும் பிடித்து மெல்ல அசைத்து, “மேலேயா, கீழேயா, ரீச்சர்?” என்று கேட்டார். விரல் அசைகிறது என்பது தெரிந்தது. எந்தப் பக்கம் என்பது தெரியவில்லை. “காலில பலம் இருக்கு. ஆனா கால் எங்க நிற்குதெண்டு பார்க்காமல் உங்களுக்குத் தெரியேல்ல. பிரேக்குக்கு அதுதான் முக்கியம்” என்றார். பஞ்சு மெத்தையின் மேல் மிதிப்பதைப் போலிருந்த அந்தக் காலுக்கு, சமநிலைப் பயிற்சியும் கணுக்கால் பயிற்சியும் தொடங்கின. அவற்றோடு, முற்றத்தில் நிறுத்திய காரில் இயந்திரத்தை இயக்காமல் செய்யும் ஒரு பயிற்சியையும் அவர் கற்பித்தார். நான் வீதியைப் பார்ப்பதுபோல நேரே பார்த்தபடி எக்ஸிலேட்டரில் கால் வைத்திருக்க, பக்கத்து இருக்கையிலிருந்து கணவர் எதிர்பாராத கணத்தில் “பிரேக்” என்பார். கால் மாறியதும் அவர் கைவிளக்கை அடித்து, பாதம் பிரேக்கின் நடுவில் உள்ளதா, ஓரத்தில் தொட்டுக்கொண்டிருக்கிறதா, எக்ஸிலேட்டரின் விளிம்பிலும் படுகிறதா என்று பார்ப்பார். தொடக்கத்தில் ஓரத்தில் படுவதே அதிகம். பல வாரங்களின் பின்னர், களைத்திருக்கும் மாலை வேளையிலும் பாதம் தவறாமல் நடுவில் விழத் தொடங்கியது. றப்பர் செருப்பை விடுத்து, குதிக்காலைப் பிடித்துக்கொள்ளும் மெல்லிய அடியுடைய சப்பாத்துக்கு மாறியதும் பெரிதும் உதவியது.

ஓட்டோ கியர் கார் வாங்கினால் போதும் என்று பலரும் கூறினார்கள். நாங்களும் வாங்கினோம், அது நல்ல முடிவே. ஆனால் ஓட்டோ கியர் இடது காலுக்கு ஓய்வு தருமேயன்றி, பிரேக்கும் எக்ஸிலேட்டரும் வலது காலின் பொறுப்பிலேயே இருக்கும் என்பதை அந்த அறிவுரை மறந்துவிடுகிறது. இடது காலால் பிரேக் மிதிக்கலாம் என்று ஓட்டுநர் பயிற்சி நிலையம் ஒன்றில் மிக எளிதாகச் சொன்னார்கள். ஆண்டுக்கணக்காகக் கிளச்சை அழுத்திப் பழகிய கால் பிரேக்கையும் அதே வேகத்தில் அழுத்தும் என்பதாலும், நெருக்கடியில் பழைய பழக்கமே முந்திக்கொள்ளும் என்பதாலும், இயன்மருத்துவர் அதை ஏற்கவில்லை. காலின் உணர்வு திரும்பாதிருந்தால், பிரேக்கையும் எக்ஸிலேட்டரையும் கையால் இயக்கும் நெம்புகோல் பொருத்துவதே முறையான வழி என்றார். எனக்கு இன்னும் அந்தத் தேவை ஏற்படவில்லை.

வீதிக்கு வந்தபோது என்னைப் பெரிதும் சிந்திக்க வைத்தது வேகத்தின் கணக்கு. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் கார் ஒரு நொடியில் ஏறத்தாழ 14 மீற்றர் கடக்கிறது. கண்ணிலும் மூளையிலும் காலிலுமாகச் சேர்ந்து அரை நொடி தாமதித்தாலே, பிரேக் பிடிக்கத் தொடங்கும்போது வண்டி 7 மீற்றர் கூடுதலாக ஓடியிருக்கும். நம் ஊர் வீதிகளில் மாடுகள் படுத்திருக்கும். பிரெட்ரிக் கோட்டைப் பக்கத்து மான்கள் எந்த நேரமும் வீதிக்கு இறங்கும். ஆகவே நான் முன் வாகனத்திலிருந்து வழக்கத்தைவிட அதிக இடைவெளி விட்டு, வேகத்தையும் குறைத்தே ஓட்டுகிறேன். பின்னால் வருபவர் ஹோன் அடித்தால், ஓரமாக விலகி அவருக்கு வழி விடுகிறேன். ஞாயிறு அதிகாலைகளில், வீதி வெறிச்சோடியிருக்கும்போது, கணவர் பக்கத்திலிருக்க நிலாவெளி வீதியில் பழகி, அதன் பின்னரே நகரத்து நெரிசலுக்குள் நுழைந்தேன்.

அந்த ஆண்டே எனது சாரதி அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. தேசிய போக்குவரத்து வைத்திய நிறுவகத்தின் சான்றிதழுக்குச் சென்றபோது, கேட்கும் முன்னரே நோயின் பெயரைச் சொல்லி, நரம்பியல் நிபுணரினதும் கண் வைத்தியரினதும் கடிதங்களை முன்வைத்தேன். சொன்னால் மறுத்துவிடுவார்கள் என்று உறவினர் சிலர் தடுத்தனர். மறைத்துப் பெறும் அனுமதியை வைத்துக்கொண்டு பிள்ளைகள் நடமாடும் வீதியில் ஓட்ட என் மனம் ஒப்பவில்லை. வைத்தியர் கடிதங்களை நிதானமாக வாசித்து, கண்ணையும் காலையும் தாமே பரிசோதித்துச் சான்றளித்தார். அனுமதிப்பத்திரம் 8 ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும். பிரித்தானியாவிலோ எம்.எஸ். உள்ளவர்கள் அனுமதி வழங்கும் அலுவலகத்துக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டும். ஓராண்டு, ஈராண்டு எனக் குறுகிய காலத்துக்கு வழங்கி மீளப் பரிசீலிக்கும் முறையும் அங்கே உண்டு. மாறிக்கொண்டேயிருக்கும் ஒரு நோய்க்கு அதுவே பொருத்தமான முறை என்று நான் கருதுகிறேன். அதனால் ஆண்டுக்கொருமுறை மறுபரிசோதனை செய்யும்படி என் வைத்தியரிடம் நானே கேட்டுக்கொண்டேன்.

எல்லாவற்றையும்விடத் திருகோணமலையில் வாழ்பவருக்குப் பெரிய சவால் வெப்பம். உடல் வெப்பநிலை சிறிதளவு உயர்ந்தாலே, பழுதுபட்ட நரம்பில் செய்தி மேலும் தடைப்பட்டுப் பழைய குறிகள் தலைகாட்டும். உடல் குளிர்ந்ததும் மறையும். உடற்பயிற்சியின் பின் பார்வை மங்குவதை 1890ஆம் ஆண்டு பதிவுசெய்த வில்ஹெல்ம் ஊத்தொஃப் என்ற கண் வைத்தியரின் பெயரால் இது அறியப்படுகிறது. எம்.ஆர்.ஐ. ஸ்கான் வருவதற்கு முன்னர், நோயாளியைச் சூடான நீரில் அமர்த்திக் குறிகள் தோன்றுகின்றனவா என்று பார்க்கும் சோதனைகூட வழக்கில் இருந்தது. கால் மரத்துப்போனதைக் கேள்விப்பட்டு, கன்னியா வெந்நீர் ஊற்றில் குளித்து வரும்படி அன்போடு சொன்ன பெரியம்மாவுக்கு இதைச் சொல்லித்தான் விளங்கவைத்தேன்.

கச்சான் எனும் வெப்பமான தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில், பாடசாலை விடும் ஒன்றரை மணிக்கு, வெயிலில் நின்ற காரின் ஸ்டியரிங்கில் கை வைக்க முடியாது. அந்தக் காருக்குள் ஏறி உடனே புறப்பட்டால், சாம்பல்தீவைத் தாண்டுமுன் இடது கண்ணில் மூடுபனி படரக்கூடும். ஆகவே காரை வேப்பமர நிழலில் நிறுத்த அதிபரிடம் அனுமதி பெற்றிருக்கிறேன். கதவுகளைத் திறந்து வைத்து, ஏ.சி.யை ஓடவிட்டு, உள்ளே குளிர்ந்த பின்னரே ஏறுகிறேன். குளிர்ந்த நீரில் நனைத்த துவாய் ஒன்று கழுத்தைச் சுற்றியிருக்கும். புறப்படுமுன் வலது கண்ணை மூடி, எதிர்ச் சுவரில் எழுதியிருக்கும் பாடசாலையின் பெயரை இடது கண்ணால் வாசித்துப் பார்க்கிறேன். கணுக்காலை மேலும் கீழும் அசைத்துப் பார்க்கிறேன். இரண்டில் ஒன்று பிசகினாலும் காத்திருப்பேன். அப்படியும் தெளியாவிட்டால் காரை விட்டுவிட்டு முச்சக்கர வண்டியில் போவேன். ஏ.சி. பழுதான நாட்களில் காரை எடுப்பதே இல்லை. காய்ச்சல் வந்தாலும் அவ்வாறே.

தசை இறுக்கத்துக்குத் தரப்படும் பக்லோஃபென் மாத்திரை தூக்கத்தை உண்டாக்கும் என்பதால், அதன் அளவை மாற்றும் நாட்களிலும் ஓட்டுவதில்லை. மாத்திரையைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து என்பதால், ஓட்டுவதற்காக அதைத் தவிர்ப்பதுமில்லை. கந்தளாய், ஹபரணை வழியாகக் கொழும்புக்குத் தனியே ஓட்டிச் செல்வதையும் விட்டுவிட்டேன். யானைகள் குறுக்கிடும் அவ்வீதியில் பொழுது சாயும் வேளைக்கு வேண்டிய கூர்மை என் இடது கண்ணுக்கு இல்லை.

என்னால் உணர முடியாத மாற்றங்களும் இருக்கலாம் என்பதால், கணவருக்கு ஓர் உரிமை கொடுத்திருக்கிறேன். “இண்டைக்கு நான் கொண்டுபோய் விடுறன்” என்று அவர் சொன்னால், காரணம் கேட்காமல் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். அண்மையில் இரவு வேளைகளில் எதிரே வரும் விளக்குகள் அதிகமாகக் கூசுகின்றன. அடுத்த கிளினிக்கில் பார்வைப் புலப் பரிசோதனையை மீண்டும் செய்யக் கேட்டிருக்கிறேன். முடிவு வரும்வரை ஆறு மணிக்குப் பின் வண்டி எடுப்பதில்லை.