2,699 என்று ஸ்டிக்கர் அடிக்காதீர்கள்

ஈரோட்டில் ஜவுளிக்கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் போட்டுக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. 2025 செப்டம்பர் 3-ஆம் தேதி கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில், ரெடிமேட் துணிக்கு இனி 12 சதவீதம் கிடையாது என்று சொன்னதிலிருந்து போன் ஓயவில்லை. 22-ஆம் தேதி அமல், தீபாவளி வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. "12-ஐ அழிச்சுட்டு 5-ன்னு போட்டா முடிஞ்சுதுங்களே?" என்பதுதான் எல்லாருடைய கேள்வியும். முடியாது.

சேலை, வேட்டி கணக்கு சுலபம். அவை சட்டப்படி துணி வகை. விலை என்னவானாலும் 5 சதவீதம்தான். முப்பதாயிரம் ரூபாய் பட்டுச்சேலைக்கும் அதே 5. அவற்றுக்கு நிலையான டேக்ஸ் கோடு (எந்த வரி என்று சாஃப்ட்வேருக்குச் சொல்லும் குறியீடு) ஒன்று போதும். தைத்த உடுப்புக்குத்தான் 'ஸ்லாப்' கோடு: ஒரு உருப்படி 2,500 ரூபாய் வரை 5, அதைத் தாண்டினால் 18. (22-ஆம் தேதிக்கு முன்னால் அந்த வரம்பு 1,000 ரூபாயில் இருந்தது, தாண்டினால் 12.) ஐட்டம் மாஸ்டரில், அதாவது சாஃப்ட்வேரின் சரக்குப் பட்டியலில், சோம்பல்பட்டு எல்லாவற்றையும் ஸ்லாபில் தள்ளிவிட்டால், கல்யாணப் பட்டு எடுக்க வந்தவர் தலையில் 18 சதவீதம் விழும்.

அந்த 2,500 என்பது ஸ்டிக்கர் விலை அல்ல. தள்ளுபடி போக, வரி சேர்க்காத விலை. நம் கடைகளில் ஸ்டிக்கரில் இருப்பதோ வரியும் சேர்ந்த விலை. சாஃப்ட்வேர் அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும். சிக்கல் இங்கேதான்.

2,599 ரூபாய் சட்டை: உள்ளே இருக்கும் 5 சதவீத வரியைக் கழித்தால் (1.05-ஆல் வகுத்தால்) 2,475.24. சரி, 5. அடுத்து 2,999: 18 சதவீத வரியைக் கழித்தால் (1.18-ஆல் வகுத்தால்) 2,541.53. சரி, 18. இப்போது 2,699 போட்டுப் பாருங்கள். 5 என்று வைத்தால் வரியில்லாத விலை 2,570.48 வருகிறது, 2,500-ஐத் தாண்டிவிட்டது, எனவே 5 ஆகாது. 18 என்று வைத்தால் 2,287.29, தாண்டவே இல்லை, எனவே 18-உம் ஆகாது! 2,625-க்கு மேல் 2,950 வரை எந்த ஸ்டிக்கர் விலையை எடுத்தாலும் இதே கதைதான். ஒரு சாஃப்ட்வேர் முதலில் 5-ஐப் போட்டுப் பார்த்து, தாண்டுகிறதே என்று 18-க்குப் போய் அங்கேயே நின்றுவிடும். இன்னொன்று 18-இல் ஆரம்பித்து 5-க்கு இறங்கிவிடும். ஒரே சட்டை, ஒரே விலை, இரண்டு கடையில் இரண்டு வரி. ஒன்றில் 411.71, மற்றதில் 128.52.

இதற்கு சாஃப்ட்வேரில் மருந்து கிடையாது, ஸ்டிக்கரில்தான் இருக்கிறது. பர்ச்சேஸ் பார்ப்பவரிடம் நான் சொல்வது ஒன்றுதான்: 2,599-க்கு அப்புறம் நேராக 2,999 போடுங்கள், நடுவில் எதுவும் வேண்டாம். வேறு விலைதான் வேண்டுமென்றால், வரியில்லாத விலையை முதலில் முடிவு செய்து, அதன்மேல் வரியை ஏற்றுங்கள்.

இதையும் மீறித் தள்ளுபடி வந்து இந்த 2,625 - 2,950 குழிக்குள் தள்ளும். தீபாவளிக்கு 10 சதவீதம் என்று ஃப்ளெக்ஸ் அடிக்கக் கொடுத்திருந்த ஒரு முதலாளிக்குக் கால்குலேட்டரில் தட்டிக் காட்டினேன். 2,999-இல் 10 போனால் 2,699.10. குழிக்கு நடுவே விழுகிறது. ஆடிட்டர் சொல்கிறபடி பத்திரமாக 18 கட்டினால் கடைக்கு நிற்பது 2,287.37. அதே சட்டைக்கு 15 சதவீதம் கொடுத்தால் வாங்குபவர் தருவது 2,549.15, வரி 5 சதவீதம், கடைக்கு நிற்பது 2,427.76.

"ஏப்பா, அதிகமா தள்ளுனா எனக்கு நூத்திநாப்பது ரூபா மிச்சமா?"

"ஆமாங்கண்ணா. இந்த விலைக்கு மட்டும்."

அவர் நம்பவில்லை. கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டு மறுபடி தட்டச் சொன்னார். அப்புறம் பிரிண்டருக்குப் போன் போட்டார்.

ஆகவே ஸ்லாபை ஐட்டம் சேவ் பண்ணும்போது தீர்மானிக்கிற சாஃப்ட்வேரை நான் தொடுவதில்லை. பில்லில், அந்த ஐட்டம் ஏறும் இடத்திலேயே, தள்ளுபடி கழிந்த பிறகு, உருப்படி கணக்கில் அது தீர்மானிக்க வேண்டும். இரண்டு சட்டை சேர்த்து 4,000 என்றால் 18 போட்டுவிடக் கூடாது. கடையை ஒப்படைக்கும் முன் 2,625-க்கு ஒன்று, 2,999-க்கு ஒன்று, 15 சதவீதத் தள்ளுபடியோடு ஒன்று, இரண்டு பீஸ் சேர்த்து ஒன்று எனச் சோதனை பில் போட்டுப் பாருங்கள். கேஷியரையே போடச் சொல்லுங்கள்.

பழைய 12 சதவீத டேக்ஸ் கோடு ஒன்றை மட்டும் அழிக்காதீர்கள், அதைத் திருத்தி 5 ஆக்கவும் வேண்டாம். புதுக் கோடு திறந்து, 22.09.2025 முதல் என்று தேதி போட்டு ஐட்டங்களை மாற்றுங்கள். செப்டம்பர் 20-இல் வாங்கிய சுடிதார் சைஸ் சரியில்லை என்று பில்லோடு திரும்பி வந்தால், கிரெடிட் நோட்டை (திரும்பிய சரக்குக்குக் கடை எழுதும் வரவுச் சீட்டு) அந்தப் பில்லின் 12-இல்தான் போட வேண்டும். மாற்றி எடுத்துப் போகிற சுடிதாருக்குப் புது வரி.