மருந்து லோடு இறங்கும்போது

மதுரையில் ஒரு மருந்து மொத்த விற்பனைக் குடோனில் சரக்கை உள்ளே எடுக்கும் பொறுப்பில் இருக்கிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குப் பில்லில் டிக் அடிப்பதைத்தான் முதலில் சொல்லித் தருகிறார்கள். அது போதாது என்பதற்கு, அக்னி நட்சத்திர வெயிலில் வந்து இறங்கிய ஒரு லோடைச் சொல்கிறேன்.

வண்டி வந்ததும் காகிதங்களைத்தான் வாங்கினேன்: பில், எல்.ஆர். காப்பி (லாரி கம்பெனி தரும் சரக்கு ரசீது), இ-வே பில் (சரக்கு வண்டியில் போக ஜி.எஸ்.டி. தளத்தில் எடுக்கும் மின்சீட்டு). வழியில் வண்டி மாறியிருந்தால் இ-வே பில்லில் வண்டி விவரம் வரும் பார்ட் பி-யில் புது வண்டி எண் ஏறியிருக்க வேண்டும். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்பதுதான் செல்லுபடிக் கணக்கு. இவையெல்லாம் சரியாக இருந்தன.

அடுத்து குளிர்ப்பெட்டி. மற்ற பெட்டிகள் வண்டியிலேயே காத்திருக்கலாம், இன்சுலின் காத்திருக்காது. தெர்மாகோல் பெட்டியை இறக்கி, நிழலுக்குக் கொண்டுவந்து உடனே திறந்தோம். ஜெல் பேக்குகள் இன்னும் கல்லாக உறைந்திருந்தன. பக்கத்தில் நின்ற பையன், "சூப்பர் அண்ணே, நல்லா ஜில்லுன்னு இருக்கு" என்றான். எனக்கு அங்கேதான் சந்தேகம் தட்டியது. திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரி வரை இருக்க வேண்டிய மருந்து. சூடு கெடுப்பதைப் போலவே உறைவதும் அதைக் கெடுக்கும். ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஜெல் பேக்கைக் கொஞ்ச நேரம் வெளியில் வைத்து, மேலே ஈரம் கசிய ஆரம்பித்த பிறகுதான் பெட்டியில் அடுக்க வேண்டும். மருந்துக்கும் அதற்கும் நடுவில் ஒரு தடுப்பும் வேண்டும். இந்தப் பெட்டியில் ஜெல் பேக் நேராக மருந்து அட்டையின் மேலேயே கிடந்தது.

வழியெல்லாம் வெப்பநிலையைப் பதிவு செய்யும் டேட்டா லாகர் என்ற சின்னக் கருவி உள்ளே இருந்தது, அதைக் கணினியில் போட்டுப் பார்த்தோம். இரவில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போய்த் திரும்பியிருந்தது. குப்பியைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை, தண்ணீர் போலத் தெளிவாகவே இருந்தது. இதுதான் பயங்கரம். உறைந்து உருகிய தெளிந்த இன்சுலினைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாமல் போகலாம். அதைப் போட்டுக்கொள்கிறவருக்குச் சர்க்கரை ஏன் இறங்கவில்லை என்று அவருக்கும் புரியாது, அவருடைய டாக்டருக்கும் புரியாது. நாங்கள் அந்தப் பெட்டி முழுவதையும் "விற்பனைக்கு அல்ல" என்று எழுதி ஒட்டி, விற்பனைச் சரக்கோடு கலக்காமல் தனி ஃப்ரிட்ஜில் வைத்துப் பூட்டினோம். லாகர் பதிவு, பெட்டி திறந்த நிலையில் எடுத்த படங்கள், பேட்ச் எண் (ஒரே தடவையில் தயாரான மருந்துக்குத் தரும் அடையாள எண்) எல்லாம் அன்று மாலைக்குள் கம்பெனிக்கு மெயிலில் போய்விட்டன.

இதற்கிடையில் லோடுமேன்கள் மற்றதை இறக்கிக்கொண்டிருந்தார்கள். சிரப் பெட்டிகள் இரண்டின் அடிப்பாகம் ஊறியிருந்தது. இன்னொன்றில் கம்பெனி பெயர் அச்சிட்ட டேப்புக்கு மேலே சாதாரண பிரவுன் டேப் ஒட்டியிருந்தது, வழியில் யாரோ திறந்து ஒட்டியிருக்கலாம். "அண்ணே, இன்னும் ரெண்டு கடைக்குப் போகணும், சீக்கிரம் கையெழுத்துப் போட்டு விடுங்க" என்றார் டிரைவர். அவர் சங்கடம் நியாயமானதுதான். ஆனாலும் எந்தப் பெட்டிகள், என்ன நிலையில் என்று எல்.ஆர். காப்பியிலேயே எழுதி, அவர் கையெழுத்தையும் வாங்கிய பிறகுதான் நான் கையெழுத்துப் போட்டேன். லாரி கம்பெனிமேல் வழக்குப் போட வேண்டி வந்தால், சரக்கு புக் செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்து மூலமாக நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும் என்கிறது சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டம். அந்த நோட்டீஸுக்கு உயிர் கொடுப்பது எல்.ஆரில் எழுதிய அந்த இரண்டு வரிதான்.

எண்ணிக்கை எடுக்கும்போது எண்ணுகிறவர் கையில் பில்லைக் கொடுக்க மாட்டோம். பில்லில் 40 என்று பார்த்துவிட்டால் கண் 38-ஐயும் 40 என்றே எண்ணும். ஒருவர் எண்ணி எழுதுவார், இன்னொருவர் பில்லோடு ஒப்பிடுவார். பல மருந்துகளைச் சேர்த்துக் கட்டிய லூஸ் கேஸில்தான் பெரும்பாலும் குறையும். அன்றும் அங்கேதான் குறைந்தது.

எண்ணிக்கையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது பேட்ச். ஒரு மாத்திரைக்குப் பில்லில் ஒரே பேட்ச் இருந்தது, பெட்டிக்குள் இரண்டு இருந்தன. "மாத்திரை ஒன்றுதானே" என்று பில்லில் உள்ளதையே ஏற்றிவிடுகிறவர்கள் உண்டு. மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதாமாதம் தரமற்ற மருந்துகளின் பட்டியலைப் பேட்ச் எண்ணோடுதான் வெளியிடுகிறது. அதில் நம் குடோனுக்கு வந்த பேட்ச் இருந்தால், எந்தெந்தக் கடைக்குப் போனது என்று உடனே சொல்லத் தெரிய வேண்டும். உள்ளே எடுக்கும்போது தவறாக ஏறிய எண்ணை வைத்துக்கொண்டு யாரைத் தேடுவது? 2023 ஆகஸ்ட் 1 முதல் 300 பிராண்டுகளுக்குக் க்யூ.ஆர். குறியீடு கட்டாயமானதில் இந்த வேலை கொஞ்சம் எளிதாகியிருக்கிறது. மற்ற எல்லாவற்றுக்கும் கண்தான்.

வந்ததை மட்டும் ஜி.ஆர்.என். என்ற சரக்கு வரவுச் சீட்டில் ஏற்றினோம். குறைந்ததும் நனைந்ததும் தனித்தனியாகக் கம்பெனிக்குப் போயின. இன்சுலினுக்குத்தான் இழுத்தது. குப்பி தெளிவாக இருக்கிறதே, விற்கலாமே என்று கம்பெனியிலிருந்து ஒருவர் போனில் பேசிப் பார்த்தார். லாகர் பதிவைத் திரும்ப அனுப்பினேன். சில வாரம் கழித்து, அந்தத் தொகையை எங்கள் கணக்கில் கழித்துக்கொள்ளும் கிரெடிட் நோட் வந்தது, அவர்கள் ஆளே வந்து பெட்டியை எடுத்துப் போனார். அதன்பின் அங்கிருந்து வருகிற பெட்டிகளில் ஜெல் பேக்குக்கும் மருந்துக்கும் நடுவே தடுப்பு அட்டை இருக்கிறது.